வெல்டிங் முதல் ஈரல் வரை

திருவெறும்பூர் 'பெல்' தொழிற்சாலைக்கு இன்டஸ்ட்ரியல் விசிட் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். பாய்லர் வெல்டிங்கை அறுத்துப் பார்க்காமலே, உள்ளே விரிசல் உண்டா என்று அல்ட்ராசோனிக் கருவியால் கண்டுபிடித்துவிடலாம். ப்ரோபுக்கும் இரும்புக்கும் நடுவில் எண்ணெயோ கிரீஸோ தடவ வேண்டும். காற்று நின்றால் ஒலி அங்கேயே திரும்பிவிடும். எண்ணெய்க்குப் பதில் ஜெல் தடவி, இதே தத்துவத்தை என் மாமாவின் வயிற்றில் வைத்துப் பார்த்தார்கள்.

மாமாவுக்கு ஊர் செந்துறைப் பக்கம். கொஞ்சம் முந்திரிக்காடு, கொஞ்சம் மக்காச்சோளம். குடிப்பழக்கம் அறவே கிடையாது. (ஈரல் கெட்டதென்றால் ஊர் முதலில் அதைத்தான் பேசும், அதனால் சொல்லி வைக்கிறேன்.) பல வருடம் உடம்பில் ஒளிந்திருந்த ஹெபடைடிஸ் பி செய்த வேலை அது. ஈரலை மாற்றுவது தவிர வழியில்லை என்றார்கள். மச்சான் தன் ஈரலில் பாதிக்கு மேல் கொடுத்தான். சென்னையில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது.

1963-இல் அமெரிக்காவின் டென்வரில் தாமஸ் ஸ்டார்சல் முதன்முதலில் மனிதனுக்கு ஈரல் மாற்றினார். நோயாளி பிழைக்கவில்லை. வெற்றி 1967-இல்தான் கிடைத்தது. இந்தியாவில் 1998-இல் டெல்லி அப்போலோவில், நம் காஞ்சிபுரத்துக் கைக்குழந்தை ஒன்று தன் தந்தையின் ஈரல் துண்டால் பிழைத்தது. அந்தக் குழந்தை வளர்ந்து டாக்டராகவே ஆகிவிட்டது!

ஆபரேஷன் முடிந்ததும் தினமும் ஸ்கேன். ஐ.சி.யு. கட்டிலுக்கே மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். அத்தை என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏண்டா தம்பி, ஸ்கேன் புள்ளத்தாச்சிக்குத்தானே எடுப்பாங்க? மாமாவுக்கு எதுக்கு?" என்றார். தப்பில்லை. பெரம்பலூர் ஸ்கேன் சென்டர்களில் 'ஆணா பெண்ணா என்று கூறுவது குற்றம்' என்ற போர்டைப் பார்த்தே பழகியவர்கள் நாம்.

விஷயம் இதுதான். ஈரலுக்கு இரண்டு வழியில் ரத்தம் வருகிறது. முக்கால் பங்கை போர்ட்டல் சிரை கொண்டுவருகிறது. மீதி தமனி வழியாக. ஆனால் மாற்றி வைத்த ஈரலில் பித்தக்குழாய்கள் அந்தத் தமனியை நம்பித்தான் உயிர் வாழ்கின்றன. அதுவோ பால்பாயின்ட் பேனா ரீஃபில் கனம்தான் இருக்கும். தலைமுடியை விட மெல்லிய நூலால் தைத்திருப்பார்கள். அதில் ரத்தம் உறைந்தால் புது ஈரலே போய்விடலாம். வெளியே வலியோ அறிகுறியோ தெரியாமலும் இருக்கலாம்.

இங்கேதான் டாப்ளர் வருகிறார். அரியலூர் ஸ்டேஷனில் நிற்காமல் பறக்கும் வண்டியின் ஊதல், நெருங்கும்போது கீச்சென்றும் கடந்தபின் கனத்தும் கேட்கிறதல்லவா? 1842-இல் அவர் சொன்ன அதே விதி. ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும் ஒலியின் அதிர்வெண் மாறும். அந்த மாற்றத்திலிருந்து ரத்தத்தின் வேகத்தை மெஷின் கணக்குப் போடுகிறது. திரையில் துடிப்புக்குத் துடிப்பு ஒரு மலை எழும். நல்ல தமனியில் அது செங்குத்தாக எழும். முன்னால் எங்காவது அடைப்போ சுருக்கமோ இருந்தால் மெதுவாக எழுந்து மழுங்கிப்போகும். உச்ச வேகத்திலிருந்து கடைசி வேகத்தைக் கழித்து, உச்சத்தால் வகுத்தால் 'ரெசிஸ்டிவ் இண்டெக்ஸ்'. உச்சம் 60, கடைசி 20 என்றால் 0.67. 0.5-க்கும் 0.8-க்கும் இடையே இருந்தால் நிம்மதி.

மூன்றாம் நாள் காலை மாமாவுக்கு 0.4. மலையும் மழுங்கியிருந்தது. சாயங்காலம் ப்ரோபை எப்படிச் சாய்த்தாலும் தமனியில் ஓட்டமே இல்லை. மாமாவோ, "நல்லாத்தான் இருக்கேன், கஞ்சி குடு" என்று கேட்டுக்கொண்டிருந்தார். சி.டி. எடுத்து உறுதி செய்து, அன்று இரவே மறுபடி திறந்து, உறைகட்டியை எடுத்துத் தைத்தார்கள். அடுத்த வார்டில் வயிற்றில் தையலோடு படுத்திருந்த மச்சானிடம் விடியும்வரை யாரும் சொல்லவில்லை. நான்தான் போய்ச் சொன்னேன். "என்னுது வேலை செய்யுதா மாப்ள?" என்று மட்டும் கேட்டான். காலை ஸ்கேனில் மலை எழுந்திருந்தது.

ஸ்கேனே எல்லாம் சொல்லிவிடாது. குடலில் வாயு இருந்தால் மறைக்கும். உடம்பு புது ஈரலை நிராகரிக்கிறதா என்பதை ஊசி குத்தித் துணுக்கு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். எடுப்பவரின் கைப்பழக்கமும் வேண்டும். இந்த வேலைக்கு நம்மில் யாரேனும் போகலாமே என்று எனக்கு ஆசை.

நாலு மாதம் கழித்து மாமாவுக்குக் கண் லேசாக மஞ்சள். ரயிலே இல்லாத பெரம்பலூரில், பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து சென்டரில் எடுத்த ஸ்கேனில், ஈரலுக்குள் பித்தக்குழாய்கள் வீங்கியிருப்பது தெரிந்தது. ரிப்போர்ட்டோடு மறுநாளே அரியலூரில் பல்லவன் ஏற்றிவிட்டோம். சென்னையில் எண்டோஸ்கோப் வழியாக ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள்.

இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு ஸ்கேன், தினமும் மாத்திரை. முந்திரிக்காட்டுக்குக் காலையில் மட்டும் போகிறார். மச்சானின் ஈரலும் வளர்ந்துவிட்டதாம். அதையும் ஸ்கேன்தான் சொன்னது. அடுத்தது மாசியில்.