பெட்டி பேசிய காலை

காரைக்காலில் என் குரு இருக்கிறார். தந்தி இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு மோர்ஸ் கற்றுக்கொடுத்து ஹாம் ரேடியோ பரீட்சைக்கு அனுப்பியவர். 2004 டிசம்பர் சுனாமியின்போது, போர்ட் பிளேரில் ஹாம் ரேடியோவுக்காக முகாமிட்டிருந்த பாரதி பிரசாத் அம்மையாரின் குழு, அறுந்துபோன தொடர்பை எப்படி நடத்திக் காட்டியது என்று பேப்பரில் படித்துவிட்டுத்தான் அவரிடம் போய் நின்றேன். அப்போதே எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இந்த வயதில் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. "உட்காரு தம்பி" என்றார்.

இப்போது அவருக்கு 84. மகனோடு அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே ஆன்டெனா கட்ட விடமாட்டார்கள். டிரான்ஸ்மிட்டரை விற்றுவிட்டார். மிச்சம் இருப்பது ஒரு ரிசீவரும் பால்கனியில் தொங்கும் ஒரு கம்பியும்தான். "இனிமே நான் வெறும் காதுதான் தம்பி" என்று ஒருமுறை போனில் சொன்னார். என் கையால் செய்த பெட்டியிலிருந்து ஒருநாள் என் குரலைக் கேட்பீர்கள் சார் என்றேன். "சீக்கிரம் செய், அந்தக் காதும் ஒரு பக்கம் போயிட்டிருக்கு" என்றார்.

அதனால்தான் ஒரு கிட் வாங்கினேன். ஹைதராபாத் அஷர் பர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் சர்க்யூட்டைப் பின்பற்றிய கிட், 40 மீட்டர் அலைவரிசைக்கானது. சுருள்களையும் நாமே சுற்றிக்கொள்ள வேண்டும். பர்ஹானின் சர்க்யூட்டில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. கேட்கும்போதும் பேசும்போதும் பெரும்பாலும் அதே ஆம்ப்ளிஃபையர்கள், அதே கிறிஸ்டல் ஃபில்டர், போகும் திசைதான் வேறு. ஆகவே ரிசீவர் ஓடினால் டிரான்ஸ்மிட்டரில் பாதிக்கு மேல் சரி என்று அர்த்தம்.

நான் பாண்டிச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். ரெசிஸ்டரின் வண்ண வளையங்களை எங்கள் பௌதிக ஆசிரியர் ஒரு வாக்கியத்தில் அடக்கிக் கொடுத்திருந்தார்: "நெ மான்ஜே ரியாங், ஊ ழெ வூ பா வியொலமான், கிரான் பெத்தா." ஒன்றும் தின்னாதே, தின்றால் நையப் புடைப்பேன், பெரிய மடையா என்று பொருள். ஒவ்வொரு சொல்லின் முதல் எழுத்தும் ஒரு நிறம்: நுவார், மரோன், ரூழ், ஒரான்ழ் என்று கறுப்பில் தொடங்கி வெள்ளையில் முடியும். ஐம்பது வருடத்துக்கும் மேலாகியும் அது மறக்கவில்லை. மறந்திருந்தால் நல்லது, நிறத்தை மீட்டர் வைத்துப் பார்த்திருப்பேன்.

மூன்று வாரம் சாயங்காலங்களில் ஈயம் வைத்தேன். முதலில் கரண்ட் கொடுக்கும்போது பேட்டரிக்கும் போர்டுக்கும் நடுவே ஒரு சிறிய 12 வோல்ட் பல்பைத் தொடராகப் போட்டேன். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், போர்டு பிழைக்கும். எரியவில்லை. ஸ்பீக்கரும் பேசவில்லை. வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலை ஸ்குரூ டிரைவரால் தொட்டேன், "உம்ம்" என்று உறுமியது. அப்படியானால் எல்.எம். 386 ஆடியோ பகுதி உயிரோடு இருக்கிறது, அதற்கு முன்னால்தான் கோளாறு. கோப்பு எந்த மேசையில் தூங்குகிறது என்று தேடியே 30 வருடம் சம்பளம் வாங்கியவன் நான். இது எனக்குப் புதிதில்லை.

ஆஸிலோஸ்கோப் கிடையாது. ஆனால் பழைய ஷார்ட் வேவ் டிரான்சிஸ்டர் ரேடியோ இருந்தது. அதைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து 5 மெகாஹெர்ட்ஸ் பக்கம் முள்ளை நகர்த்தினேன். ஓரிடத்தில் இரைச்சல் சட்டென்று அடங்கியது. பேச்சில்லாத அலை வந்தால் ரேடியோ அப்படித்தான் மௌனமாகும். ஆக, நிலையம் தேடும் ஆஸிலேட்டர் வேலை செய்கிறது. அடுத்து 12 மெகாஹெர்ட்ஸ். அங்கே இன்னொரு மௌனம் இருக்க வேண்டும், இல்லை. ஒரே இரைச்சல். குரலைப் பிரித்தெடுக்கும் பி.எஃப்.ஓ. ஓடவில்லை.

டிரான்சிஸ்டரின் மூன்று காலிலும் வோல்டேஜ் பார்த்தேன். எல்லாம் தாளில் போட்டபடியே இருந்தது. இரண்டு நாள் இப்படியே போனது. டிரான்சிஸ்டரை மாற்றினேன், கிறிஸ்டலை மாற்றினேன், இரைச்சல் மாறவில்லை. கடைசியில் வெட்கத்தை விட்டுக் காரைக்காலுக்குப் போன் போட்டேன்.

அவர் கத்திப் பேசினார், காது கேட்காதவர்கள் பேசுவதுபோல. "வோல்டேஜ் சரியா இருந்தா கரண்ட் சரியா இருக்கும்னு யார் தம்பி சொன்னா? எமிட்டர் ரெசிஸ்டரை ஒரு கால் கழட்டி அள."

அளந்தேன். 1,000 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 10,000. எமிட்டர் வோல்டேஜ் ஏறக்குறைய அதேதான் காட்டும், ஓடும் கரண்ட்தான் பத்தில் ஒன்றாகிவிடும். அந்தக் கரண்டில் ஆஸிலேட்டர் கிளம்பாது. பழுப்பு, கறுப்பு, சிவப்பு என்று படித்து வைத்ததை விளக்கடியில் மறுபடி பார்த்தேன். எனக்கு இன்னும் சிவப்பாகத்தான் தெரிந்தது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"என்னங்க இது, நல்ல ஆரஞ்சு. சிவப்பா தெரியுதா உங்களுக்கு?" என்றவள், ரெசிஸ்டரைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "நாளைக்கே கண் டாக்டர்."

இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் ஆபரேஷன் அந்த மாதமே ஆயிற்று. கட்டு அவிழ்த்ததும் முதலில் பார்த்தது ரெசிஸ்டர் டப்பாவைத்தான். நீலம் இவ்வளவு நீலமாக இருந்ததை மறந்தே போயிருந்தேன். இடம் மாறிய இன்னொரு ரெசிஸ்டர் மைக் பகுதியில் அகப்பட்டது. இரண்டையும் மாற்றி வைத்து, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் தென்னைக்கும் நடுவே கட்டிய 20 மீட்டர் ஆன்டெனாவைச் செருகினேன். அரை மணியில் யாரோ இருவர் தமிழில் மழை நிலவரம் பேசிக்கொண்டிருந்தது கேட்டது.

அடுத்து டிரான்ஸ்மிட்டர். இருபது 1K ரெசிஸ்டர்களைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தால் 50 ஓம், அதுதான் என் டம்மி லோடு. பவர் டிரான்சிஸ்டரான ஐ.ஆர்.எஃப். 510க்கு பயாஸ் வைக்கும்போது டிரிம்மரை அடிமட்டத்தில் தொடங்கி, அம்மீட்டரைப் பார்த்தபடி 100 மில்லி ஆம்பியர் வரும்வரை மயிரிழை மயிரிழையாகத் திருப்ப வேண்டும். திருப்பினேன். முள் அசையவில்லை. இன்னும் திருப்பினேன். இங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல், எங்காவது இணைப்பு தளர்ந்திருக்கிறதா என்று சுருளை விரலால் அழுத்தினேன். முள் ஒரே தாவல், பொசுங்கிய வாசனை, அவ்வளவுதான். அதிக கரண்ட் வேண்டும் என்று பாதுகாப்புப் பல்பை அன்று காலைதான் கழற்றியிருந்தேன்.

குற்றம் சுருள் கம்பியில். அதன் மேல் பூசிய எனாமலை ஒரு முனையில் சரியாகச் சுரண்டவில்லை. ஈயம் பளபளவென்று பிடித்திருந்தது, உள்ளே தொடர்பு இல்லை. அதுவும் புரை இருந்தபோது செய்த வேலை. ரிச்சி தெருவிலிருந்து இரண்டு ஐ.ஆர்.எஃப். 510 வரவழைத்தேன், ஒன்று போனால் ஒன்று இருக்கட்டும் என்று. இந்தமுறை எல்லாச் சுருளையும் கழற்றி, பிளேடால் செம்பு தெரியும்வரை சுரண்டி, மீட்டரில் பார்த்தே வைத்தேன். 100 மில்லி ஆம்பியரில் முள் நின்றது. மைக்கில் "ஹலோ" என்றதும் நிமிர்ந்தது. 5 வாட் சொச்சம்.

மறுநாள் காலை ஏழரைக்கு அவருக்குப் போன் செய்து அலைவரிசையைச் சொன்னேன். பாண்டியிலிருந்து காரைக்கால் நேர்கோட்டில் 110 கிலோமீட்டர்தான். பகலில் 7 மெகாஹெர்ட்ஸ் அலை மேலே போய் அயனமண்டலத்தில் பட்டு இந்தத் தூரத்தில்தான் கொட்டும். அழைத்தேன். பதில் இல்லை. மூன்றாம் தடவை மதுரைப் பக்கத்து அன்பர் ஒருவர் திரும்ப அழைத்தார். என்ன ரிக் என்று கேட்டார். கையால் செய்தது என்றேன். ஐந்து நிமிடம் பேசியிருப்போம். அந்த ஐந்து நிமிடமும் என் கண் செல்போன் மேலேதான் இருந்தது.

விடைபெற்று மைக்கைக் கீழே வைத்ததும் மணி அடித்தது.

"கேட்டேன்" என்றார். பிறகு சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார். "நீ பேச்சை நிறுத்துறப்ப பின்னால சன்னமா ஒரு விசில் இருக்கு. கேரியர் கசியுது தம்பி. மாடுலேட்டர் டிரிம்மரைத் தொடு. நான் ரிசீவர்கிட்டதான் இருக்கேன், போனை வெச்சிடாதே."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பி.டி.டி. பட்டனை அமுக்கினேன், பேசாமல். பிளாஸ்டிக் ஸ்குரூ டிரைவரை டிரிம்மரில் வைத்தேன்.

"இன்னும் இருக்கு... இன்னும் கொஞ்சம்... ஐயோ ஏறிடுச்சு, திரும்பி வா... மெதுவா... ம், போதும். நிறுத்து."