பொங்கல் அழைப்பிதழும் சாள்ஸ் மன்னரும்

வாட்ஸ்அப்பில ஒரு பொங்கல் விழா அழைப்பிதழ் வந்து கிடக்கு.
"திருவள்ளுவர் ஆண்டு 2057, தைத் திங்கள்..."
கீழ பட்டு வேட்டியோட ஒரு அரசியல்வாதி. வேட்டிக்குக் கீழ பனிச் சப்பாத்து.
கனடாவில றிச்மண்ட் ஹில் குளிருக்கு வேற என்ன செய்யிறது, பாவம்.

அந்த 2057இல 31ஐக் கழிச்சுப் பார்த்தாத்தான் 2026 எண்டு விளங்குது.

தமிழ்நாட்டிலயும் இந்த ஆண்டுக் கூத்துத்தானே.
2008இல கருணாநிதி தை முதல் நாள்தான் புத்தாண்டு எண்டு சட்டம் கொண்டுவந்தார்.
2011இல ஜெயலலிதா திரும்பவும் சித்திரைக்கே மாத்திவிட்டா.
சனம் ரெண்டுக்கும் வடை சுட்டுது.

வெள்ளைக்காரன் மட்டும் குறைவோ?
2019இல ஜேக்கப் ரீஸ்-மொக் எண்ட பிரித்தானிய அமைச்சர், தன்ர அலுவலகக் கடிதங்களில கிலோ, மீட்டர் கூடாது, பழைய அளவைதான் எண்டு உத்தரவு போட்டார். பட்டம் இல்லாத ஆம்பிளையளுக்குப் பேருக்குப் பின்னால 'எஸ்க்வயர்' வேற!

எங்கட ஒட்டாவா இன்னும் மேல.
நாடாளுமன்ற மசோதாவின்ர முகப்பில மன்னர் ஆட்சிக்கு வந்து எத்தினையாம் ஆண்டு எண்டும் போடுவாங்கள். பிரகடனம் எண்டா முடிவில "நம் ஆண்டவரின் ஆண்டிலே" எண்டு திகதி போடுவாங்கள், அதுவும் இலக்கம் இல்லாம முழுக்க எழுத்திலதான்.
வாசிச்சு முடிக்க அடுத்த ஆண்டு பிறந்திடும்.

சிரிக்கிறன், சரி.
ஆனா மகளின்ர கலியாணக் கார்ட்டுக்கு "நிகழும் மங்களகரமான விசுவாவசு வருடம்" எண்டு போடச்சொல்லி அச்சகத்தோட மல்லுக்கட்டினது இந்த ஐயாதான்.
மாப்பிள்ளை பகுதி ஆக்கள் கோல் எடுத்துக் கேக்கினம்: "அண்ணை, அது சனிக்கிழமையோ ஞாயிறோ?"

உங்கட வீட்டுக் கார்ட்டில என்ன வருஷம் போட்டனீங்கள்?