மாத்தளைக்கு அப்பால் ஒரு நாள் நடை

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்ட ஒரு நடைபயணம், பதினாறு நாள்களின் பின் ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையை வந்தடைந்தது. மலையகத் தமிழர் இம்மண்ணுக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர, அவர்தம் முன்னோர் நடந்த வழியிலேயே 250 கிலோமீற்றருக்கும் மேலான தூரத்தை மக்கள் நடந்தார்கள். 'மாண்புமிகு மலையக மக்கள்' என்ற பெயரில் நிகழ்ந்த அந்த நடையைப் பற்றிப் பத்திரிகைகள் நிறையவே எழுதின.

அச்செய்திகளைப் படித்தபோது ஒரு கேள்வி என்னுள் எழுந்தது. மாத்தளையில் நடை முடிந்தது சரி. ஆனால் அன்று வந்தவர்களுக்கு அங்கே முடிந்ததா? மாத்தளையில் தோட்டம் கிடைத்தவர்கள் சிலர். ஏனையோர் தத்தம் கங்காணியின் பின்னால் மேலும் ஒரு நாளோ இரண்டு நாளோ மலையேற வேண்டியிருந்தது. அந்தக் கடைசி ஒரு நாளையேனும் நடந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியில், பன்வில பிரதேசத்தில் இருக்கும் மடுல்கெல்லவைத் தெரிந்துகொண்டேன். நம் மக்கள் வாயில் அது மடுல்கலை.

விடியற்காலையில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிக் கும்பிட்டுவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினேன். வடக்கேயிருந்து வரும் பெருவீதி இது. மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை வழியாகக் காட்டினூடே இங்கு வந்து சேர்ந்தார்கள். தண்ணீர் இல்லாத வரண்ட பூமி, வாந்திபேதி, காய்ச்சல். வழியில் விழுந்தவர்களை எண்ணி வைக்க எவரும் இருக்கவில்லை. 1849ஆம் ஆண்டில் 'கொழும்பு ஒப்சேவர்' ஏடு, 1841 முதல் வந்தவர்களில் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டிருப்பர் எனக் கணக்கிட்டது. அத்தொகை மிகை என்று வாதிடும் ஆய்வாளரும் உளர். எண்ணிக்கை குறித்தே வழக்காட வேண்டியிருக்கிறது என்பதே அம்மக்கள் எவ்வளவு மலிவாக மதிக்கப்பட்டனர் என்பதற்குச் சாட்சி.

உக்குவளையை அடைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் மறிக்கப்படும் மகாவலி நீர், எட்டுக் கிலோமீற்றர் நீளமான சுரங்கத்தின் வழியே இங்கு வந்துதான் மின்னிலையத்தைச் சுழற்றுகிறது. 1976 முதல் அது இயங்குகிறது. ஆற்றையே மலைக்குள்ளால் திருப்பிவிட்டார்கள். மனிதர்களோ அந்நாளில் மலையைச் சுற்றியும் ஏறியும் இறங்கியும்தான் போக வேண்டியிருந்தது.

வத்தேகமையில் ரயில் நிலையத்தருகே ஒரு தேநீர் குடித்தேன். கண்டி - மாத்தளை ரயில்பாதை திறக்கப்பட்டது 1880இல். அதற்குள் கோப்பியின் காலம் முடிந்துகொண்டிருந்தது. 1869இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய், பதினைந்து இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்களை அழித்துவிட்டது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்துக்கொண்டது.

பன்விலையைத் தாண்டியபின் ஏற்றம் கடுமையாயிற்று. வளைவுக்கு வளைவு நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. ஒரு புறம் தேயிலை, மறுபுறம் பள்ளம், தூரத்தே நீலமாக நக்கிள்ஸ் சிகரங்கள். 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்த மலைகள் அவை. அங்கே ஒரு மதகில் அமர்ந்திருந்தபோது, கோப்பிக்கும் தேயிலைக்கும் உள்ள வேறுபாட்டைக் கால்களின் வழியாகவே உணர்ந்தேன். கோப்பி பருவப்பயிர். பழம் பறித்து முடிந்ததும் ஊர் திரும்பலாம். பலர் அவ்வாறு வந்தும் போயும் இருந்தனர். தேயிலைக் கொழுந்தோ ஆண்டு முழுவதும் துளிர்க்கும். அதைப் பறிக்கும் கையும் ஆண்டு முழுவதும் அங்கேயே இருக்க வேண்டும். ஆகவே லயங்கள் நிரந்தரமாயின. தொழிலாளியின் கடனை எழுதிய 'துண்டு' அவனைக் கங்காணியோடு பிணைத்தது. 1921இல்தான் அம்முறை ஒழிந்தது. நடந்து வந்தவர்கள் நடந்து திரும்பும் வழி அடைபட்டுப் போனது இப்படித்தான். பிறகு 1948இல் குடியுரிமையும் பறிபோயிற்று. 1964 ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட வேண்டியோர் என ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் கணக்கெழுதப்பட்டார்கள். திரும்ப விரும்பியபோது வழியில்லை. இங்கேயே வேர்விட்ட பின் போ என்றார்கள்.

பிற்பகல் மூன்றரை மணிக்கு மடுல்கலையை நெருங்கிவிட்டேன். ஒரு லயத்து வாசலில் விறகு பிளந்துகொண்டிருந்த மூதாட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"பஸ்ஸு ஓடுறப்ப ஏன் ஐயா இப்புடி நடக்குறீங்க?"

மாத்தளையிலிருந்து வருகிறேன், முன்னோர் வந்த வழியைப் பார்க்க, என்றேன். அவர் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். தம்முடைய பாட்டனார் 'திருச்சிப் பக்கம்' என்பதற்கு மேல் அவருக்கு ஊர்ப்பெயர் தெரியவில்லை. எந்த வழியாக இந்த மலைக்கு வந்தார்கள் என்று கேட்டேன். "எங்கள யாரு ஐயா அதெல்லாம் கேட்டா?" என்றார்.

அவர் அனுமதியுடன் எடுத்த படத்தை அனுப்பி வைக்க முகவரி கேட்டேன். தோட்டத்தின் பெயர், டிவிசன், லயத்தின் இலக்கம் ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, "கடுதாசி ஆபீசுக்குத்தான் வரும் ஐயா. யாராச்சும் கொண்டாந்து குடுப்பாங்க" என்றார்.

நாள் முழுதும் நடந்த களைப்பைவிட அந்த வாக்கியம் கனத்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம் குடியுரிமையைத் திருப்பித் தந்தது. 2015க்குப் பின் ஏழு பேர்ச் காணியில் தனிவீடுகள் எழுந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். இவையெல்லாம் மெய்யே. ஆயினும் தன் பெயருக்குக் காணியும், தபாற்காரர் நேரே வந்து தட்டக்கூடிய கதவும் இல்லாத குடும்பங்கள் இன்னும் ஏராளம். 2025 நவம்பரில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்டு, நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோது, காணியின்மை என்பது வெறும் கௌரவப் பிரச்சினை அன்று என்பது விளங்கிற்று. மண் சரியும் சரிவிலிருந்து விலகிப் போகச் சொல்வது எளிது. விலகிப் போய் நிற்பதற்குச் சொந்த நிலம் வேண்டுமே!

தலைமன்னார் முதல் மாத்தளை வரையிலான வழி இன்று வரலாற்றில் இடம்பெற்றுவிட்டது. அதற்கு அப்பால் ஒவ்வொரு மலைக்கும் பிரிந்த வழிகள் எழுதப்படவில்லை. தோட்டப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. உங்கள் மாணவரை ஊர் முதியோரிடம் அனுப்புங்கள். மாத்தளையிலிருந்தோ கம்பளையிலிருந்தோ தங்கள் தோட்டத்துக்கு வந்த வழியை வரைந்து வரச் சொல்லுங்கள். வழி எழுதப்பட்டால், வந்து சேர்ந்த இடத்தின் மீதான உரிமையைக் கேட்பதற்கு ஒரு சான்று கூடும். மூதாட்டியின் படத்தைத் தோட்ட அலுவலக முகவரிக்குத்தான் அனுப்பியிருக்கிறேன்.