பாம்புக்குச் சளி பிடிச்சா..?

சிரிக்காதீங்க பாஸ், நிஜமாவே பிடிக்கும். கவனிக்காம விட்டா நிமோனியாவாகி உயிரே போயிடும்.

இங்கிலாந்துல படிக்கிறப்போ என் ரூம்மேட் ஒரு பால் பைத்தான் வளர்த்தான். (குடிக்கிற பால் இல்லீங்க, பயந்தா பந்து மாதிரி சுருண்டுக்கும்!) ஆப்பிரிக்க இனம், பரம சாது. ஒரு டிசம்பர்ல சார் சாப்பாட்டைத் தொடலை. மூச்சுல 'க்ளிக் க்ளிக்'னு சத்தம், மூக்கோரம் குமிழ். வாயைத் திறந்து, தலையை நிமிர்த்தியே கிடந்தார். ஹீட்டர் பழுது, கூண்டுல ஈரம், நுரையீரல்ல தொற்றுன்னார் டாக்டர். சில வாரம் ஊசி போட்ட பிறகுதான் பிழைச்சார்.

நாம இருமினா சளி வெளியே வந்துடும். பாம்புக்கு உதரவிதானமே கிடையாது. நம்மளை மாதிரி இரும முடியாததால சளி உள்ளேயே தேங்கிடும். வெளிச்சூடு குறைஞ்சா அதோட எதிர்ப்பு சக்தியும் படுத்துடும்.

தடுக்கறது சுலபம். பால் பைத்தானுக்குக் கூண்டோட ஒரு பக்கம் 31-32 டிகிரி செல்சியஸ், மறுபக்கம் 25-26. கையால தொட்டுப் பார்க்கறது போதாது, தெர்மாமீட்டர் வைங்க. காத்து வரட்டும், தரை நசநசன்னு இருக்கக் கூடாது. புதுசா வந்த பாம்பை 3 மாசமாவது தனியா வைங்க. அறிகுறி தெரிஞ்சா உங்க மாத்திரையை உடைச்சுப் போடாம, டாக்டர்கிட்ட ஓடுங்க.

ஒரு எச்சரிக்கை மக்களே: நம்மூர் மலைப்பாம்பையோ சாரையையோ பிடிச்சு வளர்த்தா, 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உள்ளே தள்ளிடுவாங்க. அதுங்க காட்டுலயும் வயல்லயும் இருக்கட்டும், தள்ளி நின்னு ரசிங்க!