ஒரு சனலுக்காக எத்தனை சனல்?

கத்தரிக்காய் வாங்கப் போன இடத்தில், பூசணிக்காயும் எடுத்தால்தான் தருவன் எண்டு கடைக்காரர் சொன்னால் என்ன செய்வோம்? நல்லாப் பேசிப்போட்டு அடுத்த கடைக்குப் போவோம். கனடாவில் ரிவி விசயத்தில் மட்டும் சத்தம் போடாமல் பூசணிக்காயையும் காவிக்கொண்டு வருகிறோம்.

எங்கள் வீட்டில் ரிவி பார்ப்பது அம்மா ஒருவர்தான். அவருக்கு வேண்டியது ஒரேயொரு தமிழ்ச் சனல். அதை மட்டும் தாருங்கள் என்று கேபிள் கொம்பனிக்கு அடித்துக் கேட்டேன். முதலில் அடிப்படைப் பொதி எடுக்க வேண்டுமாம். அதற்கு மேல்தான் தமிழ்ச் சனலாம், அதற்குத் தனிக் காசாம். பெட்டிக்கு மாத வாடகை வேறு. "இன்னும் கொஞ்சம் கூடக் கட்டினால் விளையாட்டுச் சனல்களும் வரும்" என்றாள் அந்தப் பிள்ளை. ஐஸ் ஹொக்கியில் பந்து எது என்றே அம்மாவுக்குத் தெரியாது.

இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. ஒளிபரப்பைக் கட்டுப்படுத்தும் சிஆர்ரிசி 2015 இல் ஒரு தீர்ப்புச் சொன்னது. அதன்படி 2016 மார்ச் 1 முதல் அடிப்படைப் பொதி 25 டொலருக்கு மேல் போகக் கூடாது. அந்த ஆண்டு டிசம்பர் 1 முதல் மற்றச் சனல்களைத் தனித்தனியாகவும் விற்க வேண்டும். கேட்க நல்லாத்தான் இருந்தது. ஆனால் பெட்டி வாடகை அந்த 25 க்குள் அடங்காது. ஒன்ராறியோவில் 13 வீத வரி சேர்ந்தால் அந்த 25 டொலரே 28 டொலர் 25 சதம். இவ்வளவும் கட்டிய பிறகுதான் அம்மாவின் சனலுக்குக் கணக்கே தொடங்குகிறது.

எல்லாரும் பிடித்ததை மட்டும் எடுத்தால் சின்னச் சனல்கள் செத்துப் போய்விடும் என்பது கொம்பனிகளின் வாதம். அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் என்னுடைய பில்லில் எங்கள் சனல் எந்தக் கட்டுக்குள்ளும் இல்லை. மற்றவர்களின் சின்னச் சனல்களை நாங்கள் சுமக்கிறோம், எங்களுடையதை நாங்களே தனியாக வாங்குகிறோம். இது எந்த ஊர் நியாயம்?

80களில் ஊரில் ரிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஜெனரேற்றர் பூட்டி, விடிய விடியப் படம் பார்த்தோம். வீடு வீடாகக் காசு சேர்ப்போம். எந்தப் படம் என்று அடிபடுவோம். கடைசியில் காசு போட்ட சனம் கேட்ட படம்தான் ஓடும்.

"ஏன் கேபிள், நெற்றில பாக்கலாம்தானே" என்பார்கள். இளம் ஆக்களுக்குச் சரி. எழுபது எண்பது வயதில், ரிமோட்டில் இரண்டு பொத்தான் மட்டும் தெரிந்தவர்களுக்கு அது சரிவராது. பிள்ளைகள் வேலைக்குப் போனபின், வெளியே பனி கொட்டும் நாளில், வீட்டுக்குள் தமிழ் கதைப்பது அந்தப் பெட்டி மட்டும்தான். பென்சன் காசில் சீவிக்கும் எத்தனையோ கிழடுகள் "எனக்கு வேண்டாம் தம்பி, வீண் செலவு" என்று அதையும் வெட்டிவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். அந்த "வேண்டாம்" உண்மையான வேண்டாம் இல்லை.

உங்கள் வீட்டு பில்லையும் ஒருக்கா எடுத்து வரி வரியாகப் பாருங்கோ. கொம்பனிக்கு அடித்து 25 டொலர்ப் பொதியை நீங்களாகக் கேளுங்கோ, அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். பெட்டியும் வரியும் சேர்த்துக் கடைசிக் கணக்கு எவ்வளவு என்று கேட்டபிறகு ஓம் சொல்லுங்கோ. ஆனால் அம்மாவின் சனலை மட்டும் வெட்டிப்போடாதேங்கோ.