கரப்பானும் கப்சூலும்

மலையகத்தில் எந்த வருத்தத்துக்கு மருந்தெடுக்கப் போனாலும் கையில் ஒரு மஞ்சள் மாத்திரை வரும். பி கொம்ப்ளெக்ஸ். காய்ச்சலுக்குப் பனடோலோடு அது, இடுப்பு வலிக்குத் தைலத்தோடு அது, ஒண்ணுமே இல்லன்னாலும் அது. சிறுநீர் மஞ்சளாப் போறதப் பார்த்து "மருந்து வேலை செய்யுது"ன்னு எங்க அம்மாயி சொல்லுவாங்க. உடம்புக்கு வேண்டியது போக மிஞ்சின ரைபோஃப்ளேவின் (வைட்டமின் பி2) வெளியே போகிற நிறம்தான் அது. கலைப்பீடத்துப் பிள்ளைகள் எங்களுக்கே இது தெரிய இத்தனை வருஷம் ஆச்சு.

இதைச் சொல்லக் காரணம் எங்க தங்கச்சி. ஓ/எல் படிக்கிறாள். நாலு வயசிலிருந்து அவளுக்கு எக்ஸிமா. ஊரில் கரப்பான் என்பார்கள். முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்பக்கம், கழுத்து. தை, மாசிப் பனியில், ஹோட்டன் சமவெளிப் பக்கமிருந்து டயகமவுக்குக் காற்று இறங்கும்போது தோல் வெடித்து நீர் கசியும். லயத்தில் ஒரே அறையில் அஞ்சு பேர் படுக்கிறோம். ராத்திரி அவள் சொறிகிற சத்தம் எல்லாருக்கும் கேட்கும், யாரும் கேட்ட மாதிரிக் காட்டிக்கொள்வதில்லை. ஸ்கூலில் "ஒட்டிக்கும்"னு பக்கத்தில் உட்கார மாட்டார்களாம். விளையாட்டுப் போட்டி நாளிலும் வெயிலில் ஸ்வெட்டரோடு நிற்கிறாள்.

எக்ஸிமா ஒட்டாது. ஒட்டுவது சிரங்கு; அது தோலுக்குள் புகும் ஒரு நுண்ணிய உண்ணியால் வருவது, அதுக்கு மருந்தே வேற. ரெண்டும் அரிக்கும் என்பதால் லயத்தில் ரெண்டுக்கும் ஒரே பேர் வைத்துவிடுகிறார்கள்.

டவுனில் ஒரு ஃபாமசிக்காரர் அம்மாவிடம் "மேல பூசிப் பிரயோஜனமில்ல, உள்ள இருந்து சத்துக் குடுக்கணும்" என்று சொல்லியிருக்கிறார். வைட்டமின் ஈ ஒரு போத்தல், எல்லா வைட்டமினும் கலந்தது ஒன்று, ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெய் கப்சூல் ஒன்று. தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாள் சம்பளம் 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாய் ஆனது. அந்தக் கணக்கில் மூன்று போத்தலும் சேர்ந்து அம்மாவின் அஞ்சு நாள் கொழுந்து.

"உள்ள இருந்து சத்து" என்பதை முட்டாள்தனம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். அதுக்குப் பின்னால் ஒரு நியாயம் இருக்கு. சத்துக் குறைந்தால் தோல் கெடும் என்பது உண்மைதானே. 1933இல், கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் முள்முள்ளாகத் தடித்துப் போகும் ஒரு தோல் நிலையைப் பற்றி எழுதினார். அதுக்குப் பேர் பிரைனோடெர்மா, அதாவது தேரைத் தோல். வைட்டமின் ஏ குறைவுதான் காரணம் என்று அவர் நினைத்தார். நல்ல கொழுப்பு உட்படப் பல சத்துகளின் குறைவு அது என்று பிறகு வந்தவர்கள் காட்டினார்கள். சோளமும் சோயாவும் சேர்ந்த திரிபோஷா 1970களிலிருந்து இந்த நாட்டுத் தாய்மாருக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கிடைக்கிறது. அந்தப் பையை வீட்டில் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். உடம்பில் என்ன கோளாறு வந்தாலும் "சத்துப் பத்தல" என்று எங்க சனம் முதலில் நினைப்பது அனுபவத்திலிருந்து வந்த நினைப்பு.

ஆனா எக்ஸிமா சத்துப் பத்தாமல் வருகிற நோய் இல்லை. 2006இல் ஸ்கொட்லாந்தின் டண்டீயில் இருந்த ஆய்வாளர்கள், ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் வரும் பழுதுக்கும் எக்ஸிமாவுக்கும் தொடர்பைக் காட்டினார்கள். தோலின் மேல் அடுக்கை இறுக்கிப் பிடிக்க அந்தப் புரதம் வேண்டும். எங்க லயத்துச் சுவரை நினைச்சுப் பாருங்க: கல் இருக்கும், நடுவில் சாந்து உதிர்ந்திருக்கும். உள்ளே இருக்கிற ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கிற தூசியும் சவர்க்காரமும் உள்ளே வரும். அப்புறம் உடம்பின் எதிர்ப்புச் சக்தி அதோடு சண்டை பிடிக்கும், அரிப்பு வரும், சொறிவோம், இன்னும் சாந்து உதிரும். எக்ஸிமா உள்ள எல்லாருக்கும் இந்த மரபணுப் பழுது இருக்கும் என்றில்லை, ஆனா சுவர் ஓட்டை எல்லாருக்கும் பொது.

சரி, கப்சூல் குடித்துப் பார்த்தவர்கள் கதை? கொக்ரேன் என்ற ஆய்வுத் தொகுப்பு 2012இல் வைட்டமின் டி, ஈ, பி6, துத்தநாகம், செலீனியம், மீன் எண்ணெய் எல்லாம் எக்ஸிமாவுக்குக் கொடுத்துப் பார்த்த 11 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. மொத்தம் 596 பேர். நம்பும்படியான பலன் எதுவும் தெரியவில்லை. ஈவினிங் பிரிம்ரோஸ் எண்ணெயின் கதை இன்னும் சுவாரஸ்யம். பிரிட்டனில் அதை எக்ஸிமா மருந்தாகவே விற்க அனுமதி இருந்தது. பலனுக்குச் சான்று போதாது என்று 2002இல் அந்த அனுமதியைத் திரும்ப எடுத்தார்கள். 2013இல் 27 ஆய்வுகள், 1,596 பேர் என்று கொக்ரேன் பார்த்தபோதும் வெறும் கப்சூல் குடித்தவர்களைவிடப் பெரிய வித்தியாசம் இல்லை. அது இன்னும் எங்க டவுன் கண்ணாடி அலுமாரியில் இருக்கு.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 2002இல் இத்தாலியில் 96 பேருக்கு நடந்த ஆய்வில் எட்டு மாதம் தினம் 400 அலகு வைட்டமின் ஈ எடுத்தவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்று வந்தது. ஆனா யாருக்கு எந்தக் கப்சூல் என்பது ஒரு பக்கத்துக்கு மட்டுமே மறைக்கப்பட்டிருந்தது. அதைவிட எங்களை யோசிக்க வைத்தது மங்கோலியா. உலான்பாதரில் குளிர்காலத்தில் எக்ஸிமா கூடுகிற 107 பிள்ளைகளில் ஒரு பகுதிக்கு ஒரு மாதம் தினம் 1,000 அலகு வைட்டமின் டி கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு வெறும் மருந்து. வைட்டமின் எடுத்த பிள்ளைகளுக்குக் கூடுதல் முன்னேற்றம். இது 2014இல் வெளிவந்தது. தோலில் வெயில் அதிகம் படாத நீண்ட குளிர்காலம் உள்ள ஊர் அது. எங்க பனியையும் அந்தக் குளிரையும் ஒண்ணாக்க முடியாது. இங்கே யாருக்காவது டி குறைவு என்று டொக்டர் இரத்தம் பார்த்துச் சொன்னால் எடுக்கட்டும். அது குறைவுக்கு வைத்தியம்.

கப்சூல் குடிச்சு எங்க தங்கச்சிக்குக் குறையத்தான் செஞ்சுது. மாசியில் தொடங்கி சித்திரையில் குறைஞ்சுது. போத்தல் எதுவும் வாங்காத வருஷங்களிலும் சித்திரையில் குறைஞ்சிருக்கு. எக்ஸிமா கூடிக் குறைகிற நோய். ஆகக் கூடின நேரத்தில்தான் மருந்து தேடி ஓடுவோம், அதனால் அப்போ கையில் எது இருக்கோ அதுக்குத்தான் பேர் போகும்.

வீண்செலவு மட்டும் என்றால் விட்டுவிடலாம். வைட்டமின் ஏ உடம்பில் தங்கிக் கூடுகிற சாமான். அளவு மீறினால் தோல் காய்ந்து உரியும் (எதுக்குக் குடிச்சோமோ அதுவே!), ஈரல் கெடும், கர்ப்பிணிகளுக்கு வயிற்றிலிருக்கிற பிள்ளையையே பாதிக்கும். கிளினிக்கில் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைகள் வேறு விஷயம், அதை நிறுத்திடாதீங்க.

எங்களுக்கு ஆத்திரம் வந்தது இன்னொரு இடத்தில். கரப்பான் என்றவுடன் லயத்தில் நாலு பேர் வந்து "கரப்பான் பண்டம்" பட்டியல் கொடுப்பார்கள். கத்தரிக்காய் கூடாது, கருவாடு கூடாது, முட்டை கூடாது. எங்க வீட்டில் புரதம் என்று இருந்ததே கருவாடும் முட்டையும்தான். வளருகிற பிள்ளையின் தட்டிலிருந்து அதை எடுத்துவிட்டு, அஞ்சு நாள் சம்பளத்தில் சத்தை போத்தலில் வாங்கிக் கொடுக்கிறோம். ஒரு சாப்பாடு சாப்பிட்டதும் உடனே தடிப்பு வருகிற பிள்ளை இருந்தால் டொக்டரிடம் காட்டித் தெரிந்துகொள்ளணும். சும்மா பட்டியல் போட்டு எல்லாத்தையும் நிறுத்துவது வேற.

கடைசியில் பெரிய ஆஸ்பத்திரி தோல் கிளினிக் போனோம். ஒரு நாள் பேர் போச்சு, பஸ்ஸில் போக வர முழு நாள். அங்கே கொடுத்தது ரெண்டே சாமான்: ஒரு வெள்ளைக் களிம்பு, ஒரு ஸ்டெராய்ட் ஒயின்மென்ட். ஸ்டெராய்டை அம்மா ஒரு மாதம் தொடவே விடல. வெள்ளையாக்குற க்ரீம் பூசி முகம் கெட்டுப்போன பெண்களை ஊரில் எல்லாரும் பார்த்திருக்கோம், அந்தப் பயம். அளவு தெரியாததுதான் பயத்துக்குக் காரணம். பெரியவர் ஒருவரின் விரல் நுனியிலிருந்து முதல் கணு வரை பிதுக்கினால் அது விரல்களோடு சேர்த்து ரெண்டு உள்ளங்கை அளவு இடத்துக்குப் போதும். டொக்டர் சொன்ன நாள் வரைக்கும், சொன்ன இடத்தில் மட்டும். இதை அங்கே ஒரு நேர்ஸ் அக்கா கையிலேயே போட்டுக் காட்டினாங்க. ரெண்டு நிமிஷம்கூட ஆகல. பத்து வருஷத்தில் அந்த ரெண்டு நிமிஷம் வேற யாரும் எங்களுக்குத் தரல, மஞ்சள் மாத்திரை மட்டும் எல்லாரும் தந்தாங்க.

களிம்பு ரெண்டு வேளை, குளித்து மூணு நிமிஷத்துக்குள், ஈரம் காயுமுன் பூசணும். கேட்க லேசு. பீலியில் தண்ணி வருகிற நேரம் காலை, அந்நேரம் குளிர் உயிர் போகும், அதனால் விறகு அடுப்பில் கொதிக்கக் கொதிக்கத் தண்ணி வைத்துக் குளிப்போம். கொதிநீர் தோலின் எண்ணெயைக் கழுவிவிடும், அரிப்புக் கூடும். உடுப்புத் தோய்க்கிற சவர்க்காரமே உடம்புக்கும். அஞ்சு பேர் இருக்கிற அறையில் வயசுக்கு வந்த பிள்ளை எங்கே நின்று உடம்பெல்லாம் களிம்பு பூசுவாள்? கப்சூலுக்கு இந்தத் தொல்லை எதுவுமில்லை, ஒரு மிடறு தண்ணி போதும். அதனால்தான் அது விலை போகிறது.

இப்போ அவள் சாயந்திரம் இளஞ்சூட்டுத் தண்ணியில் குளிக்கிறாள், அந்தப் பத்து நிமிஷம் நாங்கள் எல்லாரும் வாசலில் நிற்கிறோம். களிம்பு தீர்ந்தால் அடுத்த கிளினிக் வரை சுத்தமான தேங்காய் எண்ணெய். பிலிப்பைன்ஸில் 117 பிள்ளைகளுக்கு எட்டு வாரம் பூசிப் பார்த்த ஆய்வில் வேர்ஜின் தேங்காய் எண்ணெய் கனிம எண்ணெயைவிட நன்றாக வேலை செய்திருக்கு. பொரித்து மிஞ்சின எண்ணெய் இல்லை, அதையும் சொல்லிடணும். போத்தலுக்குப் போன காசில் அம்மா கிழமைக்கு ஒரு அட்டை முட்டை வாங்குறாங்க. பக்கத்துக் காம்பரா ஆச்சிக்கு அது தெரிஞ்சு இன்னும் எங்களோட கோபம்.