சரக்கு ஏறுமுன் சொல்லக் கற்றுத்தந்தவருக்கு

மதிப்பிற்குரிய கணக்குப்பிள்ளை ஐயாவுக்கு,

நேரில் சொன்னால் "போம்மா, வேலையைப் பாரு" என்பீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கும்படி எழுதுகிறேன்.

பி.காம். முடித்து திருச்சி காந்தி மார்க்கெட் மண்டிக்கு வந்தபோது எனக்கிருந்த பயம் உங்களுக்குத் தெரியும். ராத்திரி லாரி வந்து நிற்கும். எடை போடுபவர் கூவுவார், சுமை தூக்கும் அண்ணன்மார் அடுத்த மூட்டையோடு காத்திருப்பார்கள், நான் எழுதிய எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருப்பேன். துறையூரிலிருந்தும் பெரம்பலூரிலிருந்தும் சின்ன வெங்காயம் அனுப்பிய விவசாயி பக்கத்தில் இல்லை. சிட்டையில் நான் எழுதுவதுதான் அவருக்குக் காசு. அந்த நினைப்பிலேயே கை நடுங்கும்.

"பயப்படாதே" என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை. கூவிய எடையைத் திருப்பிக் கூவச் சொன்னீர்கள். அந்த இரைச்சலில் எழுபதும் எண்பதும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் "ஏழு சைபர்", "எட்டு சைபர்". அடித்தல் வந்தால் சுரண்டக் கூடாது. ஒரே கோடு, பக்கத்தில் சரியான எண், கையெழுத்து. பத்து மூட்டைக்கு ஒரு கூட்டல். ரயில் ஓட்டுநரும் உதவி ஓட்டுநரும் சிக்னலை ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்வார்களே, எடையைத் திருப்பிக் கூவுவதும் அதே முறைதான். 2020 ஊரடங்கில் வியாபாரம் பொன்மலை ஜி கார்னருக்கு மாறி, எல்லாமே தலைகீழானபோதும் அந்தப் பழக்கம்தான் என்னைத் தாங்கியது.

இதையெல்லாம்விடப் பெரிது, முதலாளியிடம் நீங்கள் பேசி வாங்கித் தந்த ஏற்பாடு: சரக்கு ஏறுமுன் சொல்லிவிட்ட தவறுக்குச் சம்பளத்தில் பிடித்தம் கிடையாது. அதற்கப்புறம் யாரும் எதையும் மறைக்கவில்லை. அமெரிக்கப் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன், மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் பிழைகளைப் பற்றி 1996-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். நன்றாக ஒத்துழைத்த குழுக்களில்தான் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே வாய்விட்டுச் சொல்லப் பயமில்லை, அதனால் கணக்கில் வந்தன என்று அவர் விளங்கிக்கொண்டார். படித்ததும் உங்கள் முகம்தான் நினைவுக்கு வந்தது, ஐயா.

இன்னும் பல இடங்களில் எண் பிசகினால் முதலில் ஏச்சு, பிறகு பிடித்தம். பிள்ளைகள் தவறை மூடி வைக்கிறார்கள். நஷ்டம் விவசாயி தலையில் விழுகிறது. நீங்கள் வாங்கித் தந்த அந்த ஏற்பாட்டை எல்லா மண்டி முதலாளிகளும் தங்கள் கடையில் கொண்டுவர வேண்டும் என்று இந்த மடலின் வழியே கேட்டுக்கொள்கிறேன்.


உங்களிடம் சிட்டை எழுதப் பழகியவள்